யாரு கையில பட்டே?

வீரபாண்டி வாடகை மோட்டாரில் வந்து இறங்கியபோது ராமுத்தாய் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். வந்தது யாரென்று தெரிந்தும் கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்கவில்லை. கதர் சட்டையும் தோளில் மடித்த துண்டுமாக அவன் நின்ற தோரணையைப் பார்த்தால், பத்து வயதில் இதே வாசலில் மூக்கொழுக நின்று கருப்பட்டி கேட்ட பயல் இவன்தான் என்று எவனாவது நம்புவானா? இப்போது அவன் ஜில்லா போர்டு மெம்பர். பெரியகுளத்தில் மாடி வீடு வைத்திருக்கிறான்.

"மதினி, நல்ல சேதியோட வந்துருக்கேன். அந்தக் கட்டையக் கீழ வையிங்க."

"சேதி காதுலதான விழணும்? கை அதுபாட்டுக்கு வேலை பாக்கட்டும். சொல்லு."

"கல்லு நட உத்தரவு வாங்கிட்டேன்."

கட்டை நின்றது. பதினேழு வருஷமாக அவள் காத்துக்கிடந்த சொல் அது.

பதினேழு வருஷத்துக்கு முந்தி, 1921 பங்குனியில், ரேகைச் சட்டம் இந்த நெல்லிமரத்துப்பட்டிக்கு வந்தது. இந்த ஊர்ச் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை ஒவ்வொருத்தனும் பத்து விரலையும் மையில் முக்கிக் கொடுக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் சாவடிக்குப் போய் போலீஸ்காரன் கண்ணெதிரே படுக்க வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வாங்கிப் போக வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். திருடினவனுக்கும் அதேதான், திருட்டு என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாதவனுக்கும் அதேதான். அட, தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் வருங்காலத் திருடன் என்று எழுதிவைத்த மகராசன்கள்! ஊர்க்காரர்கள் ரேகை தரமாட்டோம் என்று கண்மாய்க் கரையில் கூடி நின்றார்கள். வந்த போலீஸ் படை சுட்டது. ஒன்பது பேர் விழுந்தார்கள்.

முதலில் விழுந்தவன் ராமுத்தாயின் புருஷன் கருத்தக்கண்ணன். இருபத்தெட்டு வயது. கடைசியாக விழுந்தவள் வீரபாண்டியின் அக்காள் அன்னத்தாய். அவள் கூட்டத்துக்கு வந்தவளே இல்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பதினேழு வயதுப் பயல் கரையில் போய் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஓடி வந்தாள்.

சர்க்கார் பதிவேட்டில் இது ஒரு வரியாக ஏறியது. கலகம் நடந்தது, அடக்கப்பட்டது, கலகக்காரர்களில் நாலு பேர் இறந்தார்கள். அவ்வளவுதான். அன்னத்தாயும் கலகக்காரியாம்! உலை வைத்துவிட்டு வந்து யாராவது கலகம் பண்ணுவார்களா?

வெட்டுப்பட்டோ குண்டுபட்டோ அநியாயமாகச் செத்தவர்களைப் பட்டவன் என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். பட்டவனுக்குக் கல் நட்டாக வேண்டும். நட்டால் மட்டும் போதாது. பூசாரி கல்லின் முன்னால் நின்று, "யாரு கையில பட்டே?" என்று மூன்று தரம் கேட்பார். செத்தவரின் ரத்த உறவில் ஓர் ஆண்பிள்ளை கல்லின் மேல் கை வைத்து, செத்தவராகவே நின்று, நான் இன்னார், இன்னார் கையில் பட்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கல்லுக்குக் கண் எழுதிக் கோடித்துணி கட்டுவார்கள். பதில் வராத கல் வெறும் கல்தான். அதற்குரியவர் வீட்டுக்கும் வராமல் சாமியாகவும் ஆகாமல் நடுவழியில் நிற்கிறார் என்று அர்த்தம்.

சுட்ட மூன்றாம் வருஷம் ராமுத்தாய் முன்னால் நின்று ஒன்பது கல்லை நட வைத்தாள். பூசாரி வாயைத் திறப்பதற்கு முன்பே போலீஸ் வந்தது. கற்களைப் பிடுங்கிக் கண்மாய்க்குள் வீசினார்கள். அவளைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள் மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"நெசமாத்தான் சொல்றியா வீரபாண்டி?"

"நெசம் மதினி. புது மந்திரிசபை வந்துருக்குல்ல. டிப்டி கலெக்டரே நேர்ல வர்றாக. இன்னொண்ணு கேளுங்க. நம்ம ஊரை ரேகைப் பதிவுல இருந்து எடுக்கச் சொல்லி சிபாரிசும் எழுதுறாக. சுருளி இனிமே சாவடியில போய்ப் படுக்க வேணாம். மெம்பர்னு எனக்கு மட்டும் குடுத்த விலக்கு இனி ஊருக்கே."

ராமுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. சுருளிவேல் அவளுடைய ஒரே மகன். தகப்பன் சாகும்போது இரண்டு வயது, இப்போது பத்தொன்பது. தேனியில் பஞ்சு அரைக்கிற மில்லில் மெஷின் வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ராத்திரி ஷிப்டு உண்டு. ராத்திரியானால் சாவடியில் கிடக்க வேண்டியவன் ஷிப்டுக்கு எப்படிப் போவான்? ஆறு மாதமாக அந்த வேலை கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"எஞ்சாமி, நீ நல்லாருப்ப. உங்க அக்கா வளத்த பிள்ளைன்னு காட்டிட்ட."

வீரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"சர்க்காரு சார்புல ஒரு பலகைக் கல்லும் வைக்கிறாக, அதுல என்ன வெட்டணும்னு எழுதிக் குடுத்துருக்காக. வாசிக்கிறேன். '1921ஆம் வருஷம் பங்குனி மாதம் இவ்விடத்தில் நேர்ந்த துக்க சம்பவத்தில் காலமான சிலரின் ஞாபகார்த்தம்.'"

ராமுத்தாய் கட்டையைத் தள்ளி வைத்தாள்.

"இன்னொருக்க வாசி."

வாசித்தான்.

"காலமானாகளா? எங்க மாமனாருதான் காலமானாரு. கட்டில்ல படுத்து, பால் குடிச்சு, எல்லாரையும் பக்கத்துல கூப்பிட்டுப் பேசிட்டுக் காலமானாரு. எம் புருசனுக்கு நெஞ்சுல ஓட்டைடா. என் ரெண்டு விரலும் உள்ள போச்சு. ரத்தத்த அடைக்கப் பாத்தேன், நீ பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டு இருந்த. மறந்துருச்சா?"

"மறக்கல மதினி. ஆனா ஆபீசுல ஒரு பாசை இருக்கு. அந்தப் பாசையிலதான் எழுத முடியும். கொலைன்னு எழுதுனா ஒரு பய கையெழுத்துப் போடமாட்டான். கலகம்ங்கிற வார்த்தைய எடுக்கவே நான் எட்டு மாசம் நடந்துருக்கேன்."

"அப்ப பூசாரி கேக்குறதுக்கு?"

வீரபாண்டி கீழே பார்த்தான். "கேக்கட்டும். வழக்கத்த விட முடியுமா? ஆனா பதில் மட்டும், 'எனக்குக் காலம் வந்துச்சு, போனேன்'னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டா நல்லது. அதிகாரி முன்னாடி வேற ஏதாச்சும் சொன்னா சிபாரிசு அத்தோட போச்சு. சுருளிகிட்டயும் சொல்லிட்டேன். அவன் சரின்னுட்டான்."

புளி ஓடு அவள் உள்ளங்கையில் நொறுங்கியது. "அந்தச் சொல்லக் கண்டுபிடிச்ச ஆளை நான் பாக்கணும். கூட்டிட்டுப் போ" என்றாள்.

பெரியகுளத்தில் முகாம் போட்டிருந்த டிப்டி கலெக்டர் நல்ல மனிதர்தான். கெட்ட மனிதராக இருந்தால் ராமுத்தாய்க்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது திட்டிவிட்டாவது வந்திருப்பாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார், ஸ்டூல் போடச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. வீரபாண்டியும் சுருளிவேலும் கதவோரம் நின்றார்கள். சுருளி மடியில் ராதாரிச் சீட்டு இருந்தது. ஆபீசுக்கு வருவதற்கும் அவனுக்குச் சீட்டு வேண்டுமல்லவா!

"அம்மா, கொலை என்று எழுதினால் கொலை செய்தவர் யார் என்ற கேள்வி வரும்" என்றார் அவர்.

"வரட்டுங்க."

"கேள்வி வந்தால் விசாரணை வேண்டும். அப்போது இருந்த அதிகாரி சீமைக்கே போய்விட்டார். பதினேழு வருஷம் ஆகிறது."

"அவரு போயிட்டாரு. எங்க ஆளுக எங்கயும் போகலைங்க. கண்மாய்க் கரையிலதான் கெடக்காக."

"கலகம் என்ற வார்த்தையை நானே அடித்துவிட்டு, துக்க சம்பவம் என்று போட்டேன். அதற்கே மேலிடத்தில் எத்தனை கடிதம் தெரியுமா?"

"துக்கம் யாருக்குங்க?"

"எல்லோருக்கும்தான்."

"சுட்டவுகளுக்குமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராமுத்தாய் மோரைத் தொடவில்லை.

"சிலர்னு போட்டிருக்கீகளே, அது எத்தனை பேருங்க? ஒன்பதுன்னு எழுதுனா மை தீந்துருமா?"

"பதிவேட்டில் நாலு என்றுதான் இருக்கிறது. நாலு என்று எழுதினால் நீங்கள் சம்மதிக்கமாட்டீர்கள் என்றுதான் சிலர் என்று போட்டோம். உங்களை உத்தேசித்துத்தான்."

"உத்தமபாளையத்துல பக்கீர் முகம்மதுன்னு ஒரு ராவுத்தரு சவுளிக்கடை வச்சுருக்காக. சுட்ட அன்னைக்கு ஒரு பய எங்க ஊருக்குள்ள வரல. அவுகதான் வண்டி கட்டிட்டு வந்து பொணத்துக்குப் போத்த ஒன்பது கோடித்துணி குடுத்தாக. நாலு பொணத்துக்கு ஒன்பது கோடி எதுக்குங்க?"

டிப்டி கலெக்டர் மோர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். குரலில் இரக்கம் இருந்தது. "அம்மா, உயிரோடு இருக்கிறவர்களைப் பாருங்கள். உங்கள் பிள்ளையைப் பாருங்கள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை ஆட்டிவிட்டது. திரும்பி மகனைப் பார்த்தாள். ஆபீஸ் சுவரோடு சுவராக, யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பன் மாதிரியே அகலமான தோள். அதை ஒடுக்கிக் குறுக்கி நிற்க எப்போது கற்றுக்கொண்டான்?

"பலகைக் கல்லுல என்னத்த வேணாலும் வெட்டிக்கங்க. எனக்கு எழுத்துத் தெரியாது" என்று எழுந்துவிட்டாள். வீரபாண்டிக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது தேனியில் பஸ் மாற வேண்டியிருந்தது. மில்லுச் சங்கு ஊதி ஆட்கள் ஷிப்டு மாறினார்கள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. சுருளிவேல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆத்தா, என் மேல கோவமா?"

"இல்லாம?"

"எனக்கு அப்பன் மூஞ்சியே தெரியாது. சாவடி தெரியும். பதினாறு வயசுல இருந்து அங்கனதான் படுக்கேன். ஒண்ணுக்குப் போகக்கூட அந்த ஏட்டுகிட்டக் கேட்டுட்டுத்தான் போகணும். ஒரு வார்த்தை சொன்னா அது தீரும்னா சொல்லிட்டுப் போறேனே. வார்த்தைதான?"

ராமுத்தாய்க்கு நெஞ்சு எரிந்தது. வார்த்தைதானே என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! திட்ட வாயெடுத்தாள். ஆனால் எதை வைத்துத் திட்டுவது? அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. விடிகாலையில் சாவடியிலிருந்து வருகிற மகனுக்குப் பதினேழு வருஷத்துக் கோபத்தையா கரைத்துக் குடிக்கக் கொடுக்க முடியும்? அவன் ராத்திரியில் சொந்தப் பாயில் தூங்கி எழுந்து வருவதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. அதை நினைத்தபோது தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏலே, கேட்டுக்க. உன் வாயி, உன் அப்பன். அன்னைக்கு நீ என்ன சொன்னாலும் நான் குறுக்க வரமாட்டேன். ஆனா பூசாரி கேக்குறது உங்கிட்ட இல்ல, அவருகிட்ட. பதில் சொல்லப் போறதும் நீ இல்ல, அவருதான். அத மட்டும் மனசுல வச்சுக்க."

ஊர் பஸ் வந்ததும் சுருளிவேல் முன்னால் ஏறி அவளுக்கு இடம் பிடித்தான்.

பங்குனியில் கண்மாய் வற்றிக் கிடந்தது. அந்த ஒன்பது கல்லும் சேற்றில் பாதி புதைந்து, எருமைகள் முதுகு தேய்த்து வழுவழுப்பாகி, போலீஸ் வீசின இடத்திலேயே கிடந்தன. எந்தக் கல் யாருடையது என்று ராமுத்தாய்க்கு மனப்பாடம். மேல்பக்கம் சற்றுச் சாய்ந்தது கருத்தக்கண்ணன். ஒன்பதில் சிறியது, ஓரத்தில் சிவப்பு ரேகை ஓடுவது, அன்னத்தாய். ஊர்ப் பெண்கள் கூடி ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கழுவிக் கரையில் நட்டார்கள். சர்க்கார் பலகைக் கல் தனியாக, சிமெண்டு பூசிய மேடையில், கரையின் மறுகோடியில் நின்றது. போகிற வருகிறவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். யாரும் கும்பிடவில்லை.

குறித்த நாள் காலையில் டிப்டி கலெக்டர் வந்தார். வீரபாண்டி பலகைக் கல்லுக்கு மாலை போட்டான். எழுத்தை உரக்க வாசித்தான். கூட்டிவந்த ஆட்கள் கை தட்டினார்கள். ஊர்க்காரர்கள் மரியாதைக்கு நின்று கேட்டுவிட்டு ஒன்பது கல் இருந்த பக்கம் நடந்தார்கள். வேறு வழியில்லாமல் அதிகாரியும் மெம்பரும் பின்னாலேயே வந்தார்கள்.

அங்கே பக்கீர் முகம்மது ராவுத்தர் ஒன்பது கோடித்துணியோடு நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது.

"வாங்கண்ணே, இந்த வெயில்ல நீங்க எதுக்கு வரணும்? சொல்லிவிட்டிருந்தா ஆளை அனுப்பியிருப்பேனே" என்றாள் ராமுத்தாய்.

"அன்னைக்கு நான்தானே தாயி கொண்டாந்தேன். இன்னைக்கும் நான்தான் கொண்டார்ணும்" என்றார் அவர்.

பூசாரி ராக்கையா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு முதல் கல் முன்னால் வந்து நின்றார். தப்பு மேளம் நின்றது. சுருளிவேல் வந்து சாய்ந்த கல்லின் மேல் வலது கையை வைத்தான்.

"கருத்தக்கண்ணா, யாரு கையில பட்டே?"

சுருளிவேல் வீரபாண்டியைப் பார்த்தான். வீரபாண்டி லேசாகத் தலையசைத்தான். ராமுத்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த மில்லுக்குப் போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. சொல்லாதேடா சாமி என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது.

"கருத்தக்கண்ணா, யாரு கையில பட்டே?"

"நான்..." என்று தொடங்கினான் சுருளிவேல். "நான் கருத்தக்கண்ணன். எனக்குக் காலம்..."

அங்கே நின்றுவிட்டது. வெயிலில் காய்ந்திருந்த கல் அவன் உள்ளங்கையைச் சுட்டிருக்கும். ஆனாலும் கையை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவன் தனக்காகப் பேச நினைத்து வந்த வார்த்தைதான் அது. ஆனால் நான் என்று சொன்ன பிறகு அந்த வாய் அவனுடையதாக இல்லை.

"கருத்தக்கண்ணா, யாரு கையில பட்டே?" பூசாரி மூன்றாம் தரம் கேட்டார்.

"நான் கருத்தக்கண்ணன்." குரல் கரை முழுக்கக் கேட்டது. "இருபத்தெட்டு வயசு. வீட்டுல ரெண்டு வயசுப் பிள்ளை. எனக்குக் காலம் வரல. வர்றதுக்கு இன்னும் நாப்பது வருசம் கெடந்துச்சு. என்னையச் சுட்டுக் கொன்னாக. கையில கம்புகூட இல்லாம நின்னேன், சர்க்காரு துப்பாக்கியில பட்டேன்!"

குலவை எழுந்தது. ராமுத்தாய் குலவை போடவில்லை, வாய்விட்டு அழுதாள். பதினேழு வருஷமாக அழாத அழுகை அது. ராக்கையா மையைத் தொட்டுக் கல்லுக்குக் கண் எழுதினார். கோடித்துணியைக் கட்டிய மகன் நிமிர்ந்தபோது தோள் அகலமாக இருந்தது.

டிப்டி கலெக்டர் வீரபாண்டியிடம் குனிந்தார். "இது பூஜையா, பிரசங்கமா?"

பூசாரிக்குக் காது கூர்மை. "பூசைதான் சாமி. செத்தவுக பேசுறாக. அவுகளுக்கு எந்தச் சட்டத்துல வாய்ப்பூட்டுப் போடுவீக?"

அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. இரண்டாம் கல், மூன்றாம் கல் என்று ஒவ்வொரு வீட்டு ஆளாக வந்து கை வைத்தார்கள். நான் இன்னார், சுட்டுக் கொன்னாக. நான் இன்னார், ஓடும்போது முதுகுல சுட்டாக. நான் இன்னார், விழுந்து கெடந்தேன், கிட்ட வந்து சுட்டாக. காலமானேன் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சொல்லவில்லை. எட்டுக் கல்லும் கண் திறந்தன. டிப்டி கலெக்டர் எட்டு வரைக்கும் எண்ணியதை ராமுத்தாய் பார்த்தாள். நாலு தாண்டியபோது அவர் பார்வை ஒருமுறை பலகைக் கல் பக்கம் போய் வந்தது.

ஒன்பதாவது, சின்னக் கல். சிவப்பு ரேகை.

"அன்னத்தாயி, யாரு கையில பட்டே?"

யாரும் முன்னால் வரவில்லை. வர ஒரே ஒரு ரத்தம்தான் இருந்தது. அது கதர் சட்டையில் அதிகாரியின் பக்கத்தில் நின்றது. ஊரே திரும்பி அவனைப் பார்த்தது.

"மெம்பர் சார், நேரமாகிறது" என்றார் டிப்டி கலெக்டர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அன்னத்தாயி, யாரு கையில பட்டே?"

வீரபாண்டியின் கால் ஓர் அடி முன்னால் வந்தது. வந்த கால் அங்கேயே நின்றது. அவன் என்ன சொல்ல வேண்டும் என்று ஊருக்கே தெரியும். நான் அன்னத்தாய், அடுப்பில் உலை கொதிக்கிறது, என் தம்பியைக் கூப்பிட வந்தேன் என்று தொடங்க வேண்டும். அவன் முகம் பத்து வயதுப் பயலின் முகமாகச் சுருங்கியது.

கூட்டத்தில் ஒரு பெண், "ராமு, நீ சொல்லிரு. உனக்கு நாத்துனா முறைதான?" என்றாள்.

"நான் சொல்லமாட்டேன். அவளுக்கு ரத்தம் இருக்கு. அங்கன நிக்கிது" என்றாள் ராமுத்தாய்.

"அன்னத்தாயி, யாரு கையில பட்டே?" பூசாரி கடைசித் தரம் கேட்டார்.

"மதினி..." என்றான் வீரபாண்டி. "என்னால முடியாது மதினி. நான் திரும்ப அந்த ஆபீசுல போய் உக்கார வேண்டியவன். இப்பச் சொன்னா, இனிமே உங்களுக்காக நான் எதையும் கேக்க முடியாது."

"எங்களுக்காக நீ கேட்டது போதும்டா. உங்க அக்கா உங்கிட்டக் கேக்குறா."

அவன் திரும்பி மோட்டாரைப் பார்த்து நடந்தான். டிப்டி கலெக்டர் ஏற்கெனவே தம் வண்டியில் ஏறிவிட்டார். சிபாரிசு எந்தக் குப்பைக்கூடைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சுருளிவேலுக்கும் தெரிந்துவிட்டது. அவன் தாயின் பக்கத்தில் வந்து நின்றான்.

ராவுத்தர் கையில் மிச்சம் ஒரு கோடித்துணி இருந்தது. ராமுத்தாய் அதை வாங்கினாள். பொங்கிவந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு நேராக மோட்டாருக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்தவன் மடியில், வெள்ளைக் கதர் மேல், அந்தத் துணியை மடிப்புக் கலையாமல் வைத்தாள்.

"இது அன்னத்தாயோடது. இதக் கட்ட வேண்டிய கை உன் கைதான், வேற ஆளு கிடையாது. மாடி வீட்டுல பத்திரமா வச்சுக்க. எந்த ஆபீசுல உக்காந்தாலும் சரி, அவ வெளியதான் நிக்கிறாங்கிறது நெனப்புல இருக்கட்டும். என்னைக்கு வாய் வருதோ அன்னைக்குக் கொண்டாந்து கட்டு. வருசா வருசம் பங்குனியில பூசாரி கேப்பாரு."

அவன் துணியைத் தள்ளவில்லை. எடுக்கவும் இல்லை. மோட்டார் அப்படியே போனது.

பொழுது சாய்ந்ததும் சாவடியில் மணி அடித்தது. ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுருளிவேலும் கிளம்பினான். போகிற வழி கண்மாய்க் கரைதான். ஏட்டு பதிவேட்டைத் திறந்து பேர் கேட்டான், தகப்பன் பேர் கேட்டான். தினம் கேட்கிற கேள்விதான். "கருத்தக்கண்ணன். சுட்டுக் கொன்னது. அதையும் சேத்து எழுதிக்கங்க" என்றான் சுருளிவேல். ஏட்டு எழுதவில்லை. அடுத்து வந்தவனும் அதையே சொன்னான், அதற்கடுத்தவனும் சொன்னான். தகப்பன் உயிரோடு இருந்தவர்கள் சித்தப்பன் பேரையும் பெரியப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னார்கள். பதிவெடுத்து முடிக்க அன்றைக்கு வெகுநேரம் ஆனது.

கரையில் எட்டுக் கல் புதுத்துணி கட்டி நின்றன. ஒன்பதாவது கல் வெயிலிலும் காற்றிலும் அம்மணமாக நின்றது. சந்தைக்குப் போகிறவர்கள், ஏன் இது மட்டும் இப்படி நிற்கிறது என்று கேட்டால், ஊர்க்காரர்கள் மறைக்காமல் மெம்பரின் பேரைச் சொன்னார்கள்.